காப்பகத்து நாய்க்கும் கேட்டைத் திறந்துவிடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

லாப்ரடாரும் ஷிட்சூவும் லிஃப்டில் ஏறி இறங்கும் அதே பிளாக்கில், காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து வந்தால் மட்டும் ஏன் செக்யூரிட்டியை விட்டு மறிக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காப்பகத்தில் ஒரு நாயைப் பார்த்துப் பிடித்துப்போய், பிள்ளைகள் பெயரும் வைத்தாயிற்று. "தெரு நாயெல்லாம் உள்ளே வரக்கூடாது" என்று சங்கத்திலிருந்து அவர்களின் வாடகை வீட்டு ஓனருக்கு ஒரு போன் போனது, அவர் சம்மதம் தர மறுத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தெருவில் நாய்த் தொல்லை என்று மாநகராட்சிக்குப் புகார் மேல் புகார் எழுதுவதும் நீங்கள்தான். புகாரில் தப்பில்லை, நாய்க்கடிக்கும் ரேபீஸுக்கும் யாரும் பயப்படத்தான் செய்வார்கள், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தெருவில் நாய் குறைய வேண்டுமென்றால் அது ஏதோ ஒரு வீட்டுக்குள் போயாக வேண்டுமே! 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவிலேயே, தெரு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவர் முன்வரும்போது நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள்.

காப்பகத்தில் கேட்டவுடன் நாயைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடென்றால் ஓனர் சம்மதம், சில இடங்களில் வீட்டுக்கே வந்து பால்கனியில் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது, குட்டியென்றால் வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுவேன் என்று கையெழுத்து வாங்குவது, இப்படி நிறைய இருக்கிறது. வளர்ந்த நாய் பெரும்பாலும் கருத்தடையும் ரேபீஸ் ஊசியும் முடிந்துதான் வரும். அப்புறம், குழந்தைகளிடம் அது எப்படிப் பழகும், பூனையைக் கண்டால் என்ன செய்யும், பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குமா என்பதெல்லாம் தினமும் அதற்குச் சோறு வைக்கிற ஆட்களுக்கு அத்துப்படி. காசு கொடுத்து வாங்கி வரும் இரண்டு மாதக் குட்டியைப் பற்றி இதில் பாதியாவது யாராவது சொல்ல முடியுமா? நம் ஊர் வெயிலை ஹஸ்கியைவிட நாட்டு நாய் நன்றாகத் தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைலாவில், அதாவது சங்க விதிகளில், எழுதிவிட்டோமே என்று சொல்வீர்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பெரும்பான்மை ஓட்டுப் போட்டு நிறைவேற்றினாலும் செல்லப் பிராணியைத் தடை செய்ய சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் அப்படிப்பட்ட பைலா விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, ஜாதி நாய் சரி, நாட்டு நாய் கூடாது என்ற பாகுபாட்டுக்கு மட்டும் எங்கே இடம்?

காப்பகத்தில் இருக்கிற இடம் கொஞ்சம்தான். ஒரு கூண்டு காலியானால்தான் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் அடுத்த நாயை எடுக்க முடியும். குட்டிகளையாவது யாராவது கேட்டு வருகிறார்கள். மூன்று காலோடு இருப்பது, வயதானது, கறுப்பாக இருப்பது, இவையெல்லாம் மாதக்கணக்கில் ஆளுக்காகக் காத்துக் கிடக்கின்றன. நல்ல சாப்பாடு கிடைத்தாலும் காப்பகம் வீடாகாது.

அடுத்த பொதுக்குழுவில் இதை எடுங்கள். மாநகராட்சி உரிமம் வேண்டும், வருடா வருடம் ரேபீஸ் ஊசிச் சான்றைக் காட்ட வேண்டும், வெளியே வந்தால் கழுத்தில் கயிறு வேண்டும், கழிவை அவரவரே எடுக்க வேண்டும் என்று எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி கேளுங்கள், நாங்கள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறோம். எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வரியை மட்டும் அடித்துவிடுங்கள். காப்பகத்திலிருந்து ஓனரின் சம்மதம் கேட்டு வரும்போது, அவரைக் கூப்பிட்டுத் தடுக்காமல் இருங்கள்.