இரண்டு காலையும் அளந்து அனுப்பு

திருநகர், மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

நாலு மாதமாக நான் பேசவில்லை என்று நீ முறுக்கிக்கொண்டு இருப்பதாகத் தம்பி சொன்னான். உன் கோபம் நியாயம்தான். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவன் பத்தாவது, வீட்டுக்கு ஒருவழியாக வெள்ளையடித்தாயிற்று. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

ஏன் பேசவில்லை என்றால், ஆவணியில் யானைமலையில் வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்காலில் ஜவ்வு கிழிந்து ஆறு வாரம் கட்டிலோடு கிடந்தேன். உன்னிடம் சொன்னால் அடுத்த பஸ் ஏறி வந்துவிடுவாய். வந்ததும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு "இந்த வயசில உனக்கு எதுக்குடி மலை" என்று ஆரம்பிப்பாய். அதனால்தான் மறைத்தேன்.

இனி மறைக்க முடியாது. தையில் நீயும் எங்களோடு மலைக்கு வருவதாக நேற்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். கேட்டதும் துள்ளிக் குதித்தேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், அண்ணன் போடும் ஷூவிலேயே ஒரு நம்பர் குறைத்து உனக்கும் வாங்கப் போவதாக! வாங்காதே மல்லிகா. நான் விழுந்ததே அப்படி ஒரு ஷூவால்தான்.

யானைமலை உனக்குத் தெரியாததா? மேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு எத்தனை சண்டை போட்டிருக்கிறோம் அதைப் பார்ப்பதற்காக. தூரத்தில் படுத்திருக்கும் யானை. பக்கத்தில் போனால் மொழுமொழுவென்று ஒரே பாறை. மேலே போகப் போகப் பிடித்துக்கொள்ளச் செடி இருக்காது, கால் வைக்கத் திட்டு இருக்காது. உள்ளங்காலுக்கும் பாறைக்கும் உள்ள பிடிமானம் ஒன்றுதான் நம்மை நிறுத்துகிறது. நான் போட்டிருந்தது ஆண்களுக்கான ஓட்ட ஷூ, சின்ன சைஸ். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஷூவுக்குள் மேலே எழும்பியது, விரல்கள் முன்னால் போய் முட்டின. வலி தாங்காமல் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். அடியில் இருந்த மெத்தை ஒரு பக்கமாக நசுங்கியது, கணுக்கால் மடங்கியது, பாறை மேல் கிடந்த பொடி மணல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சரிந்தது மூன்றடிதான். அந்த மூன்றடிக்குக் கீழே என்ன இருந்தது என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அந்த ஷூவைத் தெற்குவாசலில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். நம் ரோஸ் கலர் செருப்பை மூன்று முறை பிழைக்கவைத்தாரே, அவரேதான். கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். "நகம் பதியுதா பாரும்மா. பதியல. ரோட்டுக்கு நல்லா உழைக்கும், பாறைக்கு ஆகாது" என்றார். அப்புறம் உள்ளே கைவிட்டுக் குதிகால் பக்கத்துத் துணியை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு மஞ்சளாகத் தெரிந்தது. "குதிகால் மேலயும் கீழயும் ஏறி எறங்கி அரைச்சிருக்கு. இது ஆம்பள அச்சு, உனக்குப் பின்னால தொளதொளன்னுதான் நிக்கும்." மூன்று வருடமாக அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியாதது, அவருக்கு மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அவர் சொன்ன இரண்டும்தான் விஷயமே. ரப்பர், அச்சு. அச்சு என்றால், எந்தக் கால் வடிவத்தின் மேல் வைத்து ஷூவைத் தைக்கிறார்களோ அந்த வடிவம்.

முதலில் ரப்பர். பாறை ஏறுகிறவர்கள் பாறையின் அடிவாரம் வரை நடந்து போக வேண்டுமில்லையா, அந்த நடைக்கென்று வந்ததுதான் அப்ரோச் ஷூ. நடப்பதற்கும் ஆகும், சுமாரான பாறையில் ஏறுவதற்கும் ஆகும். பார்த்தால் சாதாரண ஷூ மாதிரிதான் இருக்கும், கவிழ்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மலையேற்ற ஷூவில் இருப்பது போல ஆழமான பற்கள் இருக்காது. தட்டையாக, சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். பெருவிரலுக்குக் கீழே கொஞ்ச இடம் புள்ளிகூட இல்லாமல் வழவழப்பாக விட்டிருப்பார்கள். வழவழவென்று இருந்தால் வழுக்காதா என்றுதானே கேட்கிறாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். காய்ந்த பாறையில் எவ்வளவு ரப்பர் ஒட்டுகிறதோ அவ்வளவு பிடி. பல் இருந்தால் பல்லின் நுனி மட்டும்தான் பாறையைத் தொடும். அந்த ரப்பரும் மிருதுவானது, நகம் பதியும். முன்பக்கத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடும், இடுக்கில் காலைச் செருகினால் ஷூ கிழியாமல் இருக்க. கயிறு விரல்வரை இறங்கியிருக்கும், இழுத்துக் கட்டினால் பாதம் முழுக்க இறுகும்.

இந்த ரப்பருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1935இல் இத்தாலி ஆல்ப்ஸில் மலையேறப் போன குழுவில் 6 பேர் இறந்துபோனார்கள். அன்று ஏறுகிறவர்கள் போட்டது துணி அடிவைத்த மெல்லிய செருப்பு. அது பனியில் உதவவில்லை. அவர்களின் நண்பர் விட்டாலே பிரமானி வீட்டுக்கு வந்து சும்மா உட்காரவில்லை. பிரெல்லி டயர் கம்பெனியின் உதவியோடு 1937இல் ரப்பர் அடியை உருவாக்கினார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கினால் வைப்ரம். இன்றைக்குப் பாதி மலை ஷூக்களின் அடியில் மஞ்சள் எட்டுக்கோணத்தில் இருப்பது அந்தப் பெயர்தான். இதைப் படித்த அன்று, யானைமலை அடிவாரத்து நரசிங்கத்தில் ஆடு மேய்க்கும் பாட்டி நினைவுக்கு வந்தார். டயர் செருப்போடு அந்தச் சரிவில் ஆட்டுக்குப் பின்னால் போவார், ஒரு நாளும் தடுமாறிப் பார்த்ததில்லை.

இனி அச்சு. இதில்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மாசி வீதிகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் "லேடீஸுக்கு இதெல்லாம் வர்றதில்லக்கா, ஜென்ட்ஸ்ல சின்னது போட்டுப் பாருங்க." இன்னொன்றில் லேடீஸ் என்று எடுத்து வைத்தார்கள், கத்தரிப்பூ நிறத்தில். கையால் அளந்து பார்த்தேன், ஆண்கள் ஷூதான், சாயம் மட்டும் வேறு. பெண்ணின் கால் என்பது ஆணின் காலைச் சுருக்கி வைத்தது இல்லை மல்லிகா. நம்மில் பெரும்பாலோருக்கு முன்பாதத்தின் அகலத்தோடு பார்த்தால் குதிகால் ஒடுக்கம், பாதத்தின் மேல்மேடும் தாழ்வு. ஆண்கள் ஷூவில் நீளத்தைக் குறைத்தால் விரல் நெருக்கும், குதிகால் அப்படியும் தொளதொளக்கும். பெண்களுக்கென்றே தனி அச்சில் செய்பவர்கள் குதிகாலைப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்த கால் நமக்கு, விரல் பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். உனக்கு என்னைவிட அதிகம், ஹாஸ்டலில் உன் ஈரக்கால் தடத்தை வாத்துக்கால் என்று எல்லாரும் சிரித்தது மறந்துவிட்டதா? பெண்கள் அச்சு சுண்டுவிரலை நெருக்கினால், அந்த நேரம் ஆண்கள் அச்சே தேவலை. அளவுச் சீட்டை நம்பாதே, கால் சொல்வதைக் கேள்.

நான் கடைசியில் வாங்கியது லா ஸ்போர்ட்டிவா என்ற கம்பெனியின் டி.எக்ஸ் 4 என்ற அப்ரோச் ஷூ, பெண்கள் அச்சு. பள்ளிக்கூடத்து டீச்சரின் தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்தார். ரூபாயில் 12,000க்கு மேல் ஆனது. ஒரு வளையலைப் பார்த்து வைத்திருந்தேன், அது போகட்டும். ஸ்கார்பா கம்பெனியின் க்ரக்ஸ் மாதிரி பெண்கள் அச்சில் இன்னும் உண்டு. நான் தோல் வைத்ததைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் ஊர்தான். வலைத்துணி வைத்தது காற்றோட்டமாக இருக்கும், வெயிலுக்கு இதம். ஆனால் பாறைக்குப் போகும் வழியெல்லாம் சீமைக்கருவேலம். அந்த முள் வலைத்துணிக்குள் ஊசி மாதிரி இறங்கும். மழைத்தண்ணீர் புகாத ரகம் என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் வேர்வையில்தான் நாம் நனைகிறோம்.

போன சனிக்கிழமை கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். அய்யனார் கோயில் பக்கம் படியேறி, பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்களை வணங்கிவிட்டு, சிற்பம் இல்லாத பக்கமாக ஒதுங்கினேன். ஆளுயரச் சரிவு ஒன்று. அதன் முன்னால் நின்றதும் கால் நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். வலது காலை வைத்து, குதிகாலைத் தாழ்த்தி, முன்பாதம் முழுவதையும் பாறையில் அழுத்தினேன். ரப்பர் நசுங்கிப் பாறையின் சொரசொரப்புக்குள் இறங்குவது உள்ளங்காலில் தெரிந்தது. இடது காலைத் தூக்கினேன். வழுக்கவில்லை. அப்படியே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த காலேஜ் பசங்க பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாம் போவது சமணர்மலை, அரிட்டாபட்டி மாதிரி காய்ந்த பாறை என்றால் இந்த ஷூ. நீ ஆசைப்படுகிற குரங்கணிக்கு இது பத்தாது. புல்சரிவிலும் ஈரமண்ணிலும் இந்தத் தட்டை ரப்பர் வழுக்கும், அங்கே ஆழமான பல் வேண்டும். குரங்கணி என்றால் வனத்துறை வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு, அவர்கள் திறந்துவைக்கும் மாதங்களில் மட்டும்தான். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் போனார்களே, அதில் எத்தனை பெண்கள். அந்த வாரம் போனில் இரண்டு பேரும் பேச முடியாமல் அழுதோமே. இதில் உன் பிடிவாதம் எதையும் நான் கேட்கப்போவதில்லை.

உன் மகள் பொங்கலுக்கு ஜெர்மனியிலிருந்து வருகிறாள் அல்லவா, அவளையே அங்கே கடைக்கு அனுப்பு. அளவுக்குத் தாளில் காலை வரைந்துகொள். காலையில் வேண்டாம், நடந்து களைத்துக் கால் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில். எனக்குக் காலையில் 23.7 செ.மீ., மாலையில் 24.1. மலையில் இருப்பது மாலைக் கால்தான். கடையில் அவளுக்கு உன் அளவு பொருந்தும் என்பதால் அவளே போட்டு, படியில் இறங்கிப் பார்க்கட்டும். விரல் முன்னால் முட்டக்கூடாது, குதிகால் எழும்பக்கூடாது. படியின் விளிம்பில் நுனிக்காலில் நிற்கட்டும், அடி வளைந்து தொய்ந்தால் வேண்டாம். வந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடாதே, மெது ரப்பர் தார்ரோட்டில் சீக்கிரம் தேயும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வைக்காதே, பசை விட்டுப்போகும்.

என் காலை வரைந்த தாளை மாதிரிக்கு இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலைச் செங்குத்தாகப் பிடி, சாய்த்தால் அளவு தப்பும். இரண்டு காலையும் வரைந்து அனுப்பு. உனக்கு இடது கால்தான் பெரிது என்று எனக்கு ஞாபகம்.

உன்,
தேன்மொழி