சூப்பர் குளூவில் ஒட்டிய பாகத்தைப் பிரிக்க

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெயிண்ட் அடித்து, டிகாலும் (சின்னம், எண் போன்ற ஒட்டுப்படம்) ஒட்டி முடித்த மாடல் விமானத்தில் சக்கரக் கால் கோணலாக நிற்கிறது என்று வருபவர்கள் முதலில் கேட்பது நெயில் பாலிஷ் ரிமூவரைப் பற்றித்தான். பிளாஸ்டிக் கிட் என்றால் அந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் சூப்பர் குளூவைக் கரைக்கும்தான். அதற்கு முன்பே பெயிண்டையும், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையும் கூழாக்கிவிடும். 'அசிட்டோன் இல்லாதது' என்று விற்பதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அதுவும் பிளாஸ்டிக்கை விட்டுவைக்காது.

எந்தப் பசையில் ஒட்டினீர்கள் என்பதைப் பாருங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் என்றால் இரண்டு பாகமும் உருகி ஒன்றாகியிருக்கும். அறுப்பதைத் தவிர வழியில்லை. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ என்றால் நடுவில் இருப்பது கண்ணாடி போன்ற மெல்லிய படலம் மட்டுமே. நேராக இழுத்தால் அசையாது, திருகினால் விரிசல் விடும். குளிரில் இன்னும் நொறுங்கும்.

ஆகவே ஃப்ரீசர். ஆனால் அதற்கு முன் பலரும் தவறவிடும் வேலை ஒன்று உண்டு. இணைப்பின் மேல் பெயிண்ட் ஒரே தோலாகப் படர்ந்திருக்கும். அப்படியே உடைத்தால் பாகத்தோடு பெயிண்டும் பட்டையாக உரிந்து வரும். ஹாபி கத்தியில் போடும் கூர்முனையுள்ள புது 11ஆம் எண் பிளேடால் இணைப்புக் கோட்டைச் சுற்றி, அழுத்தாமல், இரண்டு மூன்று முறை கீறிவிடுங்கள்.

பிறகு மாடலை ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கவர் இல்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் மாடல் முழுக்க வேர்த்துவிடும். எடுத்த அரை நிமிடத்துக்குள் பாகத்தின் அடியைப் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். நுனியைப் பிடிக்காதீர்கள். குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்துப்போயிருக்கும்; ஒட்டு விடுவதற்குள் கால் முறியும். பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய உலோகப் பாகம் என்றால் வேலை சுலபம்: குளிரில் இரண்டும் ஒரே அளவு சுருங்காததால் ஒட்டு இழுபட்டே இருக்கும்.

முதல் தடவை விடாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி குளிர வையுங்கள். மூன்று தடவைக்கும் மசியாவிட்டால், சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ரேஸர் ரம்பத்தால் (மெல்லிய அலகுள்ள சின்ன ரம்பம்) அறுக்கலாம். அசிட்டோன் பெயிண்ட் அடிக்காத உலோகத்துக்கு மட்டும். ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பொருள்) பாகம் என்றால் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே.

பிரிந்ததும் இரு பக்கமும் மிஞ்சிய பசையைச் சுரண்டியெடுங்கள். பழைய பசையின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது, பாகமும் சரியாக உட்காராது. காக்பிட் கண்ணாடியில் தெரியும் வெள்ளை மூட்டம் பசையின் ஆவி படிந்தது. பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போகும். கண்ணாடியைத் திரும்ப ஒட்டும்போது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும், அது மூட்டம் போடாது.

ஒன்று மட்டும்: சிந்திய ஈரப் பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள். பஞ்சு பட்டதும் பசை சூடேறிப் புகையும், கையைச் சுடும். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள், இழுக்காதீர்கள்.