ஒரே பந்தியில் உட்காருவோம்: சென்னைக் குருசேகரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும் ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் குருசேகரக் குழு அங்கத்தினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற அறுப்பின் பண்டிகையன்று நான் சார்ந்த ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும், சபையார் முற்றத்து வெயிலில் காகிதத் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். மாடி அறையில் குழுவினருக்கும் நன்கொடையாளர்களுக்கும் மேசை போட்டுத் தனியாகப் பரிமாறினார்கள். விடியுமுன்னே வந்து மணியடித்து, நாற்காலிகளை எடுத்துப் போட்ட ஆலய ஊழியரான கோவில்பிள்ளை கடைசியாகச் சாப்பிட வந்தபோது சோறும் ரசமும்தான் மிஞ்சியிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

அன்று காலையில்தான் நாம் எல்லாரும் திருவிருந்தில் அடுத்தடுத்து முழங்கால்படியிட்டு, ஒரே அப்பத்தில் பங்கு பெற்றிருந்தோம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், திருவிருந்து ஏற்படுத்தப்பட்டதைச் சொல்லும் வசனங்களுக்குச் சற்று முன்னே, முந்திக்கொண்டு சாப்பிட்டு இல்லாதவர்களைப் பசியோடு விட்டவர்களைத்தான் அவர் கண்டிக்கிறார். அப்படிக் கூடிவருவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். அதிகாரத்தை முடிக்கும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி சொல்கிறார். பந்தியில் நடந்த தவற்றைத் திருத்த வந்த இடத்திலேதான் அந்தப் பரிசுத்தமான வார்த்தைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எருசலேமிலும், அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கு பேசும் விதவைகள் விடப்பட்டபோது, அப்போஸ்தலர் அதைச் சில்லறைக் காரியமாக எண்ணாமல் 7 பேரை அதற்கென்றே ஏற்படுத்தினார்கள்.

நம் பட்டணத்துக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1850இல் மெட்ராஸ் மிஷனெரி மாநாடு, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் மனமுவந்து சேர்ந்து உண்பதையே சாதியைத் துறந்ததற்கு அடையாளமாகக் கேட்டது. அவர்கள் அதை வற்புறுத்திய விதத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் ஒருவருடைய விசுவாசம் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதில் தெரியும் என்று அவர்கள் கண்டது சரி.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் சென்னைச் சபைகளுக்கு அசனம் என்னும் சபை விருந்தையும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் அசனத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி வந்து சேரும். முந்தின இரவு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, கீர்த்தனை பாடிக்கொண்டே வெங்காயம் உரிப்பார்கள். மறுநாள் உபதேசியார் வாளியைத் தூக்கிக்கொண்டு கறிக்குழம்பு ஊற்றுவார், வயல் வேலைக்குப் போகிறவரும் பள்ளித் தலைமையாசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சென்னையில் இடமும் இல்லை, ஆளும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சமையலை வெளியே கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிரியாணிப் பொட்டலத்தை வாசலில் கொடுத்து அனுப்பிவிட்டு அதற்கு ஐக்கிய விருந்து என்று பெயர் வைப்பதை ஏற்க முடியவில்லை.

ஆகையால் உங்களை வேண்டிக்கொள்கிறேன்: வரும் பண்டிகையில் மாடிப் பந்தி வேண்டாம். இடம் போதாவிட்டால் இரண்டு மூன்று பந்தியாக வைத்து, முதல் பந்தியில் முதியோரையும் குழந்தைகளையும் கோவில்பிள்ளையையும் துப்புரவு செய்கிறவர்களையும் உட்காரவையுங்கள். ஆயரும் குழுவினரும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிடுங்கள். வாளி தூக்க என் பெயரையும் என் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை அங்கத்தினர் ஒருவர்,
சென்னை