இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்ற வரிசை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள ரவி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஒரு மாதத்துக்காவது படி ஏற விடாதே. இங்கே எல்லோரும் சுகம். மகள் பிள்ளையோடு எங்களிடமே வந்துவிட்டாள். பேரனுக்கு நாலு வயது, வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

சரி, உங்கள் நகரசபை விஷயத்துக்கு வருகிறேன். காரை விட்டு இறங்காமலே கோப்பியும் சாப்பாடும் வாங்கும் டிரைவ்-த்ரூக்களைத் தடை செய்யலாமா என்று விவாதம் நடக்கிறது, எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு மூன்று நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருபவற்றைத் தடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

2022இன் பெற்றோல் தட்டுப்பாடு உனக்கு நினைவிருக்கும். தினமும் போனில் கேட்டாயே, "பெற்றோல் கிடைத்ததா, கிடைத்ததா" என்று. எங்கள் வீட்டு ஒழுங்கை முனையிலிருந்து காலி வீதி வழியாக வரிசை நீண்டு கிடந்தது. நான் இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தேன். அந்த வரிசையில் ஒருவரும் இயந்திரத்தை ஓட விடவில்லை. முன்னால் நிற்கும் வாகனம் பத்தடி நகர்ந்தால் நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கித் தள்ளினோம். முன்பின் தெரியாத ஒரு ஓட்டோக்காரத் தம்பி வந்து என் காருக்குத் தோள் கொடுத்தான், நான் அவனுடைய ஓட்டோவைத் தள்ளினேன். அந்த ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து கொடுத்தார்கள். நின்ற இடத்தில் ஒரு துளி எரிப்பதும் பாவமாகத் தெரிந்த காலம் அது. பெரிய கஷ்டம்தான். ஆனால் அத்தனை வாகனம் நின்ற தெருவில் புகை மணம் இல்லை.

இப்போது போய்ப் பார்த்தால் மனம் நோகிறது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கார்கள் வந்து ஓரம் கட்டும். ஏசி போட்டபடி கண்ணாடியை இறக்கி "ரெண்டு கொத்து" என்பார்கள், கடைப் பையன் ஓடிப் போய்க் கொண்டுவந்து கொடுப்பான். கொத்து தயாராகப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேரனுக்குத் தொய்வு இருக்கிறது ரவி. காற்று அடிக்காத நாட்களில் அந்த ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை. போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு நெபுலைசர் பிடிக்க ஓடினோம். அந்தப் புகைதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தவனுக்குக் கீழே உறுமுகிற இயந்திரச் சத்தம் வேறு மாதிரித்தான் கேட்கிறது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் கார், அளவைப் பொறுத்து, மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை, சில வேளை அதற்கு மேலும் குடிக்கும். ஆறு நிமிட வரிசைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் என்று வை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு கோப்பைக் கோப்பிக்கு அது சின்னத் தொகைதான். நீ சொன்னதுபோல விடிந்தது முதல் நடுச்சாமம் வரை வரிசை குறையாத இடத்தில் அது சின்னத் தொகையாக இருக்காது.

காரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினாலும் புகைதானே என்று கடைக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணுவதுதான் எரிபொருளுக்கு லாபம் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களமே சொல்கிறது. அதை விட எனக்குப் பாரமாகத் தெரிவது அக்காவின் கதை. காலை மடக்க முடியாமல் இருந்தவள் டிரைவ்-த்ரூ மருந்துக்கடையில்தான் மாத்திரை வாங்கினாள் என்று நீயே எழுதினாய். பின் சீற்றில் குழந்தை தூங்கும்போது தனியே வரும் தாய்க்கும் அது பெரிய உதவி. அவர்களை மறந்து போடும் தடை நியாயமான தடை இல்லை. மருந்துக்கடைகளுக்கு விலக்கு கேள். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தை ஒதுக்கி, இயந்திரத்தை அணைத்தவர்களுக்குக் கடை ஆளே வெளியே கொண்டுவந்து கொடுக்கலாம். எங்கள் கடைப் பையன் தினமும் செய்வது அதுதானே. இங்கே குறைவது இயந்திரத்தை அணைப்பது மட்டும்தான்.

புதியவற்றுக்கு மட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறிய ஊர் 1982இலேயே இதைத் தடை செய்துவிட்டது. மினியாபொலிஸ் 2019இல் இனிப் புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது என்று முடிவெடுத்தது, இருப்பவை இருக்கின்றன. கட்டி முடித்ததை இடிப்பது கடினம். கார் வந்து போக நடைபாதையை வெட்டிய பிறகு, அந்த வழியாகப் பள்ளிக்கூடப் பிள்ளை நடப்பதற்கு மறுபடி இடம் வாங்கிக் கொடுப்பது அதை விடக் கடினம்.

இதை எழுதும்போது எனக்குக் கொழும்புதான் கண்முன் நிற்கிறது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் மூடிக் கிடந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. இங்கே டிரைவ்-த்ரூக்கள் இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். மாநகர சபை ஒரு சொல் சொல்வதென்றால் அது இப்போதுதான். நானும் மேல் மாடி ஐயாவும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூட வாசல்களிலும் சாப்பாட்டுக் கடை வாசல்களிலும் இயந்திரத்தை அணைக்கச் சொல்லும் பலகை, அணைக்காவிட்டால் தண்டம், நடைபாதையைக் குறுக்கே வெட்டும் புதிய கடைகளுக்கு அனுமதி இல்லை. இந்த மூன்றுதான் கேட்கிறோம். ஐயா சிங்களத்தில் எழுதுகிறார், தமிழ் என் பொறுப்பு.

இன்னொன்று. உன் சின்ன மகள் படிக்கிற காலத்தில் ஒரு டிரைவ்-த்ரூ ஜன்னலில் வேலை செய்தாளே. ஒவ்வொரு காருக்கும் ஜன்னலைத் திறந்து, எட்டு மணித்தியாலம் அந்தப் புகைக்கு முகம் கொடுத்து நின்று, வீட்டுக்கு வந்தால் தலைமுடியெல்லாம் மணக்கிறது என்று அம்மாவிடம் அழுதாள் என்று நீ சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூழல் பேசுபவர்களும் கடைக்காரர்களும் எப்படியும் பேசுவார்கள். அந்த ஜன்னலில் நிற்கும் பிள்ளையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? கூட்டத்தில் நீ எழும்பி அதைச் சொல். அவளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கூட்டம் முடிந்த அன்றே எழுது. அவள் சொல்வதைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பச் சொல், எங்கள் மனுவோடு சேர்க்கிறேன். அடுத்த மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு.

உன்
சிவா