அவளுக்கு ஒரு துணை வேண்டும்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக உங்கள் விலங்குக்காட்சிசாலைக்குத் தீவனம் ஏற்றி வருகிறவன். புதிதாக வந்த இளம் பெண் வெள்ளைக் காண்டாமிருகத்துக்காக எழுதுகிறேன். எதிர்கால இனப்பெருக்கத்துக்கென்று கொண்டு வந்தீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அவளைத் தன்னந்தனியாக விட்டிருக்கிறீர்களே!

செவ்வாயும் வெள்ளியும் காலையில் என் லாரி அவள் வேலியோரம் நிற்கும். சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். புல்லுக்குத்தான் வருகிறாள் என்று முதலில் நினைத்தேன். புல்லை அவள் தொடுவதே இல்லை. சூடு ஆறாத எஞ்சின் பக்கமாக வேலியில் விலாவை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பார்வை மங்கலான பிராணி. பெரிதாக, கதகதப்பாகப் பக்கத்தில் ஏதோ ஒன்று இருந்தால் போதும் போலிருக்கிறது. வண்டியை எடுத்தால் வேலி முடிகிற வரைக்கும் கூடவே நடப்பாள். அப்புறம் அந்த மூலையில் நின்று, அத்தனை பெரிய உடம்பிலிருந்து மெல்லிய குரலில் கத்துவாள். போன வெள்ளிக்கிழமை வாசல் தாண்டியும் அந்தக் குரல் கேட்டது.

உங்களுக்குத் தெரியாததா? தாயை விட்டுப் பிரிந்த வெள்ளைக் காண்டாமிருகக் கன்றுகள் காட்டில் ஒன்றோடொன்று சேர்ந்துதான் மேயும். நம் நாட்டிலிருந்து அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக்காட்சிசாலைக்குப் போன மண்ட்லா என்ற ஆண் காண்டாமிருகம், ஒரே ஒரு பெண்ணோடு இருந்தவரை கன்று இல்லை. 1970களில் நம் உம்ஃபோலோசி காட்டிலிருந்து போன கூட்டத்தோடு பரந்த வெளியில் விட்ட பிறகுதான் கன்றுகள் பிறந்தன. அவளுக்குத் துணை கொடுங்கள்.

இன்னொன்று, என் பிழைப்பையே தொடுகிற விஷயம். நான் இறக்குகிற கட்டுகளில் பாதி குதிரைமசால் என்கிற தீவனப்பயிர். அதிலும் சோயாவிலும் பெண் ஹார்மோன் போன்ற பொருள் இருக்கிறது. அடைப்பில் பிறந்த பெண் காண்டாமிருகங்கள் கன்று ஈனாமல் போவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வளர்கிற வயதில் அதையே ஏன் போட வேண்டும்?

2023இல் மட்டும் இந்த நாட்டில் 499 காண்டாமிருகங்களைத் திருட்டு வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். அதில் 325 நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில். நூறுகூட மிஞ்சாத நிலையிலிருந்து இதே மண்ணில் மீண்டு வந்த இனம் இது. காட்டில் காவலர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காக்கிறார்கள். பத்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்தவளை நாம் ஏங்க விடலாமா? ஒவ்வொரு அதிகாரியும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றே சொல்கிறார். எத்தனை கூட்டம் ஐயா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஈடான வயதில் ஒரு பெண் துணையாவது சீக்கிரம் கொண்டு வாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தீவன ஒப்பந்தத்தில் குதிரைமசாலைக் குறைத்துப் புல்லைக் கூட்டி எழுதுங்கள். எனக்கு வரும்படி குறைந்தால் பரவாயில்லை. துணை வருகிற அன்று கூண்டு ஏற்றி வர வண்டி வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தீவன லாரிக்காரன்