பாப்பாவுக்கு, போட்டோ பேப்பர் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மதுரையிலிருந்து அப்பா. எல்லாரும் சௌக்கியம். அழகர் ஆற்றில் இறங்கின படங்களை வீட்டிலேயே பிரிண்ட் போடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். பேப்பரை இன்னும் வாங்கவில்லையென்றால் இதைப் படித்துவிட்டுப் போ.

கடையில் முதலில் ஜிஎஸ்எம் பேசுவார்கள். 180, 230, 270 என்பதெல்லாம் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பிடித்தால் கனமாக இருக்கும், அவ்வளவுதான். நீ கேட்க வேண்டியது 'ஆர்சி (ரெசின் கோட்டட்) பேப்பரா?' என்று. அதில் தாளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். மலிவான பளபளப்புத் தாளில் மேல்பக்கம் மட்டும்தான் பூச்சு, பின்பக்கம் வெறும் காகிதம். சந்தேகமாக இருந்தால் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். ஊறி உப்பினால் மலிவுச் சரக்கு, முத்தாக நின்றால் ஆர்சி. மலிவுத் தாள் மெட்ராஸ் ஈரக்காற்றில் அப்பளமாகச் சுருண்டு, பிரிண்டரில் மை தெளிக்கும் ஹெட்டில் உரசும், ஓரத்தில் கறுப்புக் கோடு விழும்.

அடுத்து மை. உன்னுடையது மாதிரி டேங்க் பிரிண்டர் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள் மிதக்கும் மை; மற்ற மூன்றும் டை, அதாவது கரைந்த சாயம். பிக்மென்ட் கறுப்பு பளபளப்புத் தாளில் இறங்காது, மேலேயே நிற்கும். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் வகையைப் 'பிளெய்ன்' என்றே விட்டுவிட்டால் அந்தக் கறுப்பைத்தான் அடிக்கும், விரல் பட்டால் கண்மை மாதிரி இழுவும். 'போட்டோ குளோஸி' என்று மாற்றினால் மூன்று கலரையும் கலந்து கறுப்பாக்கும். அந்த மூன்றில் ஒன்று அடைத்திருந்தாலும் கறுப்பில் பச்சையோ சிவப்போ ஓடும். அதனால் முதலில் சாதாரணத் தாளில் நாசில் செக் போட்டுப் பார், மை வரும் துளை அடைத்திருந்தால் அந்தச் சோதனைப் பிரிண்டில் தெரியும்.

பூச்சுப் பக்கம் எதுவென்று தெரியவில்லையா? விரலை ஈரமாக்கி மூலையில் தொடு, லேசாக ஒட்டுகிற பக்கம்தான். மாற்றி வைத்தால் மை குளம் கட்டி உருளையெல்லாம் பூசிக்கொள்ளும்.

அழகரின் பச்சைப் பட்டுக்கும் கோபுரக் கலருக்கும் குளோஸி. அப்பத்தா படத்துக்குப் பளபளப்பில்லாத மேட் தாள் போடு. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது. மேக்ஸி சைஸுக்கு, அதாவது 4க்கு 6 அங்குலத்துக்கு, 1200க்கு 1800 பிக்சல் போதும். ஏ4 என்றால் 2480க்கு 3508 வேண்டும். வாட்ஸ்அப்பில் சும்மா வந்த படம் அதற்குத் தாங்காது, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்.

கைக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உடனே கண்ணாடி போடாதே. உள்ளே தங்கின மையின் கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியில் பனி மாதிரி படியும். மேலே வெள்ளைத் தாள் வைத்து ஒரு நாள் விடு. கண்ணாடியும் படமும் ஒட்டாமல் நடுவே மவுன்ட் அட்டை கட்டாயம். டை மையில் அடித்த படத்தைத் திறந்தபடி மாட்டினால், வெயிலே படாவிட்டாலும் காற்றிலுள்ள ஓசோன் பூச்சின் நுண்துளை வழியே போய் மையைத் தின்னும். நீலம் முதலில் கழன்று முகமெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். பூஜை ரூமில் எண்ணெய்ப் புகை வேறு.

மிச்சத் தாளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, படுக்கை வசமாக வை. ஆபீஸ் லேசர் பிரிண்டரில் மட்டும் விட்டுவிடாதே, பிளாஸ்டிக் உருகி உள்ளே ஒட்டினால் மெஷினே போச்சு.

சித்தப்பா அடுத்த வாரம் அங்கே வருகிறார். அப்பத்தா படத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா