எடை குறைந்த போல்ட் கேரியர்: கூட்டுக்காரனுக்கு ஒரு கடிதம்

தக்கலை
ஆனி மாதம்

பிரியமுள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. போட்டி ரைபிளுக்கு அலுமினிய போல்ட் கேரியர் (தோட்டா இருக்கும் சேம்பரை அடைத்துப் பூட்டும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறு. எடையைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீ முதலில் வாங்க வேண்டியது திருகிச் சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக், அதாவது பேரலிலிருந்து பின்னால் போகும் வாயுவின் (கேஸின்) அளவைக் கூட்டிக் குறைக்கும் பாகம். கேரியர் அதற்குப் பிறகு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பட்டாளத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் ஒரு பக்கத்தில் அடங்காது, கேட்டியா.

உன் கையில் இருக்கும் ஏ.ஆர்-15 யூஜின் ஸ்டோனர் 1956-ல் காப்புரிமைக்கு மனுக் கொடுத்த அமைப்பில் ஓடுவது. குண்டு பேரலில் போகும்போதே ஒரு சிறு துளை வழியாக வாயு பிரிந்து, மெல்லிய குழாயில் பின்னால் வந்து, நேரே கேரியருக்குள் நுழைகிறது. போல்ட் அசையாமல் பிஸ்டன் மாதிரி நிற்கும். அதைச் சுற்றியுள்ள கேரியர் பின்னால் தள்ளப்படும். கொஞ்சம் ஓடிய பிறகு கேம் பின் என்ற சிறு முளை போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். நான் பழுதுபார்த்த பட்டாளத்து ரைபிள்களான இன்சாஸிலும் எஸ்.எல்.ஆரிலும் பிஸ்டன் தனியாக மேலே இருக்கும். உன் ரைபிளில் அந்த வேலையையும் கேரியரே சுமக்கிறது. அதனால் அதன் எடையில் கை வைத்தால் மொத்த ஓட்டத்தின் கணக்கும் மாறிவிடும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். பட்டாளத்து மாடல் முழு போல்ட் கேரியர் தொகுதி சுமார் 330 கிராம். அதன் பின்னால் ஸ்பிரிங்கோடு ஓடும் எடைக்கட்டையான சாதாரண கார்பைன் பஃபர் 85 கிராம். இரண்டும் சேர்ந்து 415. ஸ்டீலிலேயே சதை வழித்துச் செய்த தொகுதி 250 கிராம் என்று வைத்துக்கொள், மொத்தம் 335 ஆகிறது. வாயு கொடுக்கும் தள்ளல் கிட்டத்தட்ட அதே அளவுதான். தள்ளல் அதேயாக இருந்து எடை குறைந்தால் வேகம் கூடும். 415-ஐ 335-ஆல் வகுத்துப் பார், வேகம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகம். பின்னால் போய் மோதும் ஆற்றலும் அதே நாலில் ஒரு பங்கு கூடும். கேஸைக் குறைக்காமல் கேரியரை மட்டும் இளைக்க வைத்தால் தோளில் வரும் குத்து குறையாது, இன்னும் சுருக்கென்று வரும். "லேசாகப் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று உன் ரேஞ்சில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் கேஸைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

கேரியர் பின்னால் போகும் ஓட்டத்தில் பலன் கேஸைக் குறைப்பதால் வருகிறது. முன்னே திரும்பி வரும் ஓட்டத்தில் எடைக் குறைவு தானாகவே பலன் தரும். ஸ்பிரிங் கொடுக்கும் ஆற்றல் எப்போதும் ஒன்றே. அந்த ஆற்றலில் லேசான பொருள் முன்னே வந்து அடைக்கும்போது அதன் உந்தம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். மேலே சொன்ன எடைகளுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. போல்ட் அடைக்கும்போது குறிபார்க்கும் கண்ணாடியில் உன் சிவப்புப் புள்ளி கீழே குனிவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் குனிவுதான் இதில் குறையும். இரண்டாவது குண்டை அவசரமாகச் சுடுகிறவனுக்கு அது உண்மையான லாபம். அதனால்தான் இந்த விஷயமே வெறும் விளம்பரம் என்று நான் தள்ளவில்லை.

கேஸைக் குறைக்காமல் விட்டால் இன்னொரு கேடும் உண்டு. கேரியர் வேகமாக ஓடினால் பூட்டு சீக்கிரம் திறக்கும். அந்த நேரத்தில் சேம்பரில் அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. காலிக் கூடு, நாங்கள் கோக்கா என்போமே, அது சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிடித்துப் பிய்க்கப் பார்க்கும். அடுத்த போட்டியில் நீ சுட்ட கூடுகளைப் பொறுக்கி விளிம்பைப் பார். நகம் கீறியது போலக் காயமோ வளைவோ இருந்தால் கேஸ் அதிகம். கூடு எந்தப் பக்கம் பறக்கிறது என்பதும் ஒரு குறி. முன்பக்கமாகப் பறந்தால் அதிகம், பின்பக்கமாகச் சோர்ந்து விழுந்தால் குறைவு. ஆனால் ரைபிளின் பக்கத்தில் புடைத்திருக்கும் டிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்புவதால் இந்தக் குறியை மட்டும் நம்பிவிடாதே.

கேஸ் பிளாக்கைச் சரிசெய்யும் முறை எனக்குப் பழைய சினேகிதம். எஸ்.எல்.ஆரில் ரெகுலேட்டரைத் திறந்து வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு நாட்ச்சாக மூடிக்கொண்டே வந்து, ரைபிள் ஒழுங்காக ஓடும் இடத்தைப் பிடித்து, அதற்கு மேல் ஒன்றிரண்டு நாட்ச் கூட்டி வைப்போம். உன்னுடையதில் திசை மட்டும் தலைகீழ். எஸ்.எல்.ஆர் மிச்ச வாயுவை வெளியே விடுகிறது, மூடினால் பிஸ்டனுக்கு அதிகம் போகும். உன் கேஸ் பிளாக் வருவதையே தடுக்கிறது, திறந்தால்தான் அதிகம். ஆகவே முழுதும் அடைத்துத் தொடங்கு. மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடு. போல்ட் பின்னால் நின்று பிடிக்கும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் திற. பிடித்த இடத்தில் நாலைந்து தடவை சோதித்துவிட்டு, அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு கிளிக் திறந்து வை. அந்த மேல்மிச்சத்தைக் கஞ்சத்தனம் பண்ணிக் குறைக்காதே மக்கா. அழுக்கு சேர்ந்தாலும், எண்ணெய் காய்ந்தாலும், தை மாதக் குளிரில் மருந்தின் அழுத்தம் இறங்கினாலும் உன்னைக் காப்பாற்றப் போவது அதுதான். சோதனைக்கு, நீ வாங்கும் தோட்டாக்களில் எது மிகவும் பலவீனமானதோ அதையே எடு.

இங்கேதான் அலுமினியத்தின் மேல் எனக்கு மனம் ஒப்பவில்லை. 200 கிராமுக்குப் பக்கம் இறங்கினால், அடைக்க வரும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டைத் தள்ளும் அந்த ஒரு மோதலிலேயே அது நிறைய வேகத்தை இழந்துவிடும். கொஞ்சம் மண் இருந்தால் பூட்டு முழுதாக அடைபடாமல் நிற்கும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஸ்டீல் 7.85. எடை குறைவது அதனால்தான், தேய்வதும் சீக்கிரம். கேம் பின் ஓடும் பள்ளத்தில் மேற்பூச்சு போய்விட்டால் பிறகு அதற்கு ஆயுசு கம்மி. டைட்டானியம் 4.5, நடுவில் நிற்கிறது. பலமான உலோகம்தான், ஆனால் உரசினால் ஒட்டிப் பிய்யும் குணம் அதற்கு உண்டு, நல்ல பூச்சு இல்லாமல் வாங்காதே. ரைபிள் நடுவில் ஓடாமல் நின்று ஒரு ஸ்டாப்பேஜ் வந்தால் நிமிர்ந்து, தட்டி, இழுத்து, மறுபடி குறிபார்ப்பதற்குள் சில நொடிகள் போய்விடும். லேசான கேரியர் ஒவ்வொரு சுடுதலிலும் மிச்சப்படுத்துவது நொடியில் நூற்றின் சில பங்குதான். நேரமே புள்ளியாகும் உன் விளையாட்டில் இந்தப் பேரம் எனக்குச் சரியாகப் படவில்லை. வழித்த ஸ்டீலே போதும்.

வாங்கும்போது கேரியரின் மேலே, குழாயிலிருந்து வாயுவை வாங்கும் கேஸ் கீயின் இரண்டு திருகுகளையும் பார். பக்கத்து உலோகத்தைக் குத்தி அவற்றை இறுக்கியிருக்க வேண்டும். அது ஆடினால் வாயு கசியும், மற்ற எல்லாச் சரிசெய்தலும் வீண். பஃபருக்குள் இருக்கும் எடைத் துண்டுகளைக் கழற்றி வீசாதே. கேரியர் முன்னே வந்து மோதித் துள்ளப் பார்க்கும் கணத்தில் அந்தத் துண்டுகள் பின்னாலிருந்து வந்து மோதித்தான் துள்ளலை அடக்குகின்றன.

பழைய கேரியரை என் லேத்தில் வழித்துத் தர முடியுமா, லீவுக்கு வரும்போது பெட்டியில் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். அந்த ஸ்டீல் பொதுவாக 8620, மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது. வழித்தால் உள்ளிருக்கும் மென்மையான சதை வெளியே வந்துவிடும். பெட்டியில் கொண்டு வருவது அதைவிடப் பெரிய வில்லங்கம். 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். நீ இருக்கும் நாட்டிலிருந்து வெளியே எடுக்கவும் அனுமதி வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உன்னைப் பிடித்து வைத்தால் வீட்டில் எல்லாரும் அலைய வேண்டியிருக்கும். போட்டோ அனுப்பு, போதும்.

இங்கே இடவப்பாதி மழை வலுத்துக் கிடக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு பல நாள் நின்றுபோனது. அக்கா பேத்தி பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், கேட்டியா. அவளுடைய விளையாட்டில் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், கனமாக இருந்தால்தான் அசையாமல் நிற்கும். நீ கிராம் கணக்கில் குறைப்பதைச் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. போன ஞாயிறு அவளை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு நம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குப் பீரங்கி வார்த்த இடம் என்று சொல்லி, அவர் கல்லறையையும் காட்டினேன். நாம் பள்ளிக்கூடம் படிக்கும்போது அங்கே ஏறித் திரிந்ததையும் சொன்னேன்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் தவறாமல் எழுது: பேரல் நீளம், கேஸ் குழாய் ரைபிள் நீளமா குட்டையா, நீ வழக்கமாகச் சுடும் குண்டின் எடை 55 கிரெயினா 77-ஆ. ரைபிள் நீளக் குழாய் என்றால் வாயு தாமதமாகவும் மென்மையாகவும் வரும், உனக்குக் கேரியரே மாற்ற வேண்டியிராமல் கேஸ் பிளாக்கோடு காரியம் முடிந்தாலும் முடியலாம். பதில் வரும்வரை அந்த அலுமினியத்தை வாங்காதே.

உன் கூட்டுக்காரன்